மூட்டையைப் பிரிக்கும் முன்: டைல்ஸ் வேலை பழக வந்த பிள்ளைகளுக்கு

கூடலூர் தொடங்கித் தேனி வரை இப்போது நம்மைத் தேடி வருவதில் பழைய வீட்டு வேலைதான் அதிகம். தாத்தா காலத்துச் சுண்ணாம்புத் தரை, அப்பா போட்ட சிவப்பு ஆக்சைடு, பிறகு பெருமையாகப் போட்ட மொசைக், அதற்கப்புறம் ஒண்ணுக்கு ஒண்ணு டைல்ஸ். இதில் ஏதாவது ஒன்றின்மேல், குஜராத்தின் மோர்பியிலிருந்து வந்து இறங்கும் நாலுக்கு ரெண்டு விட்ரிஃபைட் போட்டுத் தாருங்கள் என்கிறார்கள். முன்பெல்லாம் ஒன்றரை, இரண்டு அங்குலத்துக்கு மணலும் சிமெண்டும் கலந்து கொட்டி, மேலே சிமெண்ட் பால் விட்டு, டைல்ஸைத் தட்டி உட்கார வைத்தோம். அடியில் இருந்த மேடு பள்ளமெல்லாம் அந்தக் கலவைக்குள் அடங்கிப் போயிற்று. இப்போது கதவை அவ்வளவு அறுக்க முடியாது, மாடித் தளத்தில் பாரம் ஏற்றக் கூடாது, பழைய தரையை உடைத்து அள்ள அவகாசமில்லை. அதனால் கம் தடவி ஒட்டுகிறோம். கம்மின் கனம் ஒரு நூல், மிஞ்சினால் இரண்டு நூல். அதற்குள் எந்தப் பள்ளமும் ஒளியாது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் செல்ஃப் லெவலிங் கலவை நம் ஊருக்கும் வந்தது.

கடையில் கேட்டால், "ஊத்துனாப் போதும்ணே, தானா ஓடி மட்டமாகிக்கும்" என்பார்கள். ஓடுவது உண்மைதான். எதன்மேல் ஓடுகிறது என்று பார்க்க வேண்டியவன் நீ. இந்த வேலையில் ஊற்றுகிற நேரம் ரொம்பக் கொஞ்சம். தரையைப் பார்த்துத் தயார் செய்ய இரண்டு மூன்று நாள் ஆகும். நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி அந்த இரண்டு மூன்று நாளைப் பற்றியதே.

1. பள்ளம் ஏன் விழுந்தது என்று முதலில் கண்டுபிடி.

அன்றைக்குக் கொத்தனார் சரியாக இழுக்காமல் விட்ட பள்ளம் ஒரு வகை. அது அப்படியே நின்றுபோனது, நிரப்பிவிடலாம். தரை இறங்கிக்கொண்டே இருப்பதால் விழும் பள்ளம் இன்னொரு வகை. அதன்மேல் எந்த நல்ல சரக்கை ஊற்றினாலும் அடுத்த வருடம் விரிசலோடு எழுந்து வரும். நம் பக்கம் வயலை மனையாக்கி, டிராக்டர் டிராக்டராக மண் கொட்டி, தண்ணீர் விட்டுத் திமிசு போடாமல் கட்டிய வீடுகள் உண்டு. அங்கே சுவர் அஸ்திவாரத்தில் நிற்கும். நடுக்கூடத்துத் தரை கொட்டிய மண்ணோடு சேர்ந்து இறங்கும்.

சுவர் ஓரமாகக் குத்தவைத்து உட்கார்ந்து, ஸ்கர்ட்டிங்குக்கும் தரைக்கும் நடுவே டார்ச் அடித்துப் பார். இடைவெளி இருந்தால், அதில் பெருக்கிப் பெருக்கி அடைந்த பழைய அழுக்கு இருக்கிறதா, அல்லது உள்முகம் புதிதாக வெளுப்பாக இருக்கிறதா என்று கவனி. வெளுப்பாக இருந்தால் அது சமீபத்தில் திறந்தது. விரிசலுக்குக் குறுக்கே பென்சிலால் கோடு இழுத்துத் தேதி எழுதிவிட்டு வா. ஒரு மழைக்காலம் கழித்துக் கோடு விலகியிருந்தால் அந்த வீட்டுக்கு முதலில் வேண்டியது மண்ணைக் கெட்டிப்படுத்தி, புதிதாகக் கான்கிரீட் போடுவது. வேலை கைவிட்டுப் போனாலும் இதைச் சொல்லிவிடு.

2. கரணைப் பிடியால் தரை முழுவதையும் தட்டிப் பார்.

ஓரடிக்கு ஒரு தட்டு. கெட்டியாகக் கேட்கும் இடத்தை விட்டுவிடு. வெறுமையாகக் கேட்கும் இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் வளையம் போடு. வளையத்துக்குள் இருப்பதை உடைத்து எடுத்துவிட வேண்டும். பழைய டைல்ஸ் ஒன்று அடியில் ஒட்டாமல் நின்றால், அதன்மேல் ஊற்றியதும் ஒட்டாமல்தான் நிற்கும்.

3. அளந்து, அளந்ததைத் தரையிலேயே எழுது.

கண்ணை நம்பாதே. ஜன்னல் வெளிச்சம் விழும் விதத்தில் நல்ல தரை மேடாகத் தெரியும், பள்ளமான தரை சீராகத் தெரியும். பத்தடி அலுமினிய மட்டக்கோல் ஒன்று சொந்தமாக வைத்துக்கொள். அது வளையாமல் நேராக இருக்கிறதா என்று அவ்வப்போது கண்ணோட்டிப் பார். கோலைத் தரையில் படுக்க வைத்து, மறுபக்கம் செல்போன் டார்ச்சைத் தரையோடு வை. வெளிச்சம் எங்கெல்லாம் கசிகிறதோ அங்கெல்லாம் பள்ளம். 3 மி.மீ. ஸ்பேசரை அந்தச் சந்தில் நுழை. நுழையாவிட்டால் ஒரு நூலுக்குள். சுலபமாக நுழைந்து ஆடினால் அதற்கு மேல். இரண்டை அடுக்கி நுழைத்துப் பார். இப்படி நீளவாக்கில், அகலவாக்கில், மூலைக்கு மூலை குறுக்காக எல்லாத் திசையிலும் கோலை நகர்த்து.

எவ்வளவு வரை பொறுக்கலாம்? டைல்ஸ் வேலையில் பலர் வைத்திருக்கும் கணக்கு இது: சிறிய டைல்ஸ் என்றால் பத்தடிக்கு இரண்டு நூல், அதாவது கால் அங்குலம். ஏதாவது ஒரு பக்கம் 15 அங்குலத்துக்குக் குறையாத டைல்ஸ் என்றால் பத்தடிக்கு ஒரு நூல்தான். நாலடி டைல்ஸ் வளையாது. பள்ளத்தின்மேல் பாலமாகத்தான் நிற்கும். ஒரு மூலை எழும்பும், பக்கத்து டைல்ஸின் விளிம்பு காலில் தட்டும். பீரோவை நகர்த்தும் நாளில் அந்தப் பாலம் உடையும்.

அடுத்தது மட்டம். லேசர் இருந்தால் லேசர், இல்லாவிட்டால் தண்ணீர் டியூப். டியூபில் காற்றுக்குமிழ் நிற்காமல் பார்த்துக்கொண்டு, எல்லாச் சுவரிலும் ஒரே உயரத்தில் கோடு அடி. அந்தக் கோட்டிலிருந்து தரைக்கு மூன்றடிக்கு ஒரு புள்ளி அளந்து, எண்ணை அந்தப் புள்ளியிலேயே எழுது. அறை முழுக்க எண்கள் வந்தபின் சுவரோரமாக நின்று பார்த்தால் மேடும் பள்ளமும் உனக்குப் படமாகத் தெரியும். சீரான தரை வேறு, ரசமட்டத்துக்கு நிற்கும் தரை வேறு. டைல்ஸுக்குச் சீர்தான் கட்டாயம். பழைய வீட்டில் கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அரை அங்குலம் சீராக இறங்கினால் அதை நிமிர்த்த மூட்டை மூட்டையாகச் செலவு செய்ய வேண்டியதில்லை. வீட்டுக்காரர்களிடம் சொல்லி, அவர்கள் சரி என்றால் அப்படியே விடு.

4. கூடப்போகும் உயரத்தை வீட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே காட்டு.

கலவை 5 மி.மீ., கம் 4 மி.மீ., டைல்ஸ் 9 மி.மீ. என்றால் முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. கேட்கச் சிறிதாக இருக்கும். ஆனால் கதவு திறக்காது, அலமாரியின் கீழ்க்கதவு இடிக்கும், பூஜையறை வாசற்படி தரையோடு தரையாகிவிடும். எல்லாவற்றையும்விட மாடிப்படி முக்கியம். கீழ்ப்படி மட்டும் முக்கால் அங்குலம் குட்டையானால், ஒரே அளவுக்குப் பழகிய கால் அங்கே தடுமாறும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இது விளையாட்டுச் சங்கதி இல்லை. டைல்ஸ் துண்டையும் அட்டையையும் அடுக்கி அந்த உயரத்தைக் கதவடியிலும் படியடியிலும் வைத்துக் காட்டு. வாயால் சொன்னால் தலையாட்டிவிடுவார்கள், பிறகு மறந்துவிடுவார்கள்.

5. மூட்டைக் கணக்கு.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. கனத்துக்கு ஏறத்தாழ 1.7 கிலோ தூள் பிடிக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அறை 11 சதுர மீட்டருக்குச் சற்று மேல். சராசரிக் கனம் 5 மி.மீ. என்றால் 95 கிலோ, அதாவது 25 கிலோ மூட்டை நான்கு. ஒன்று கூடுதலாக வாங்கிப் பிரிக்காமல் வை, மிஞ்சினால் கடையில் திருப்பிக் கொடுக்கலாம். ஊற்றிக்கொண்டிருக்கும்போது கடைக்கு ஓட முடியாது. தரையில் நீ எழுதிய எண்களிலிருந்துதான் சராசரி எடுக்க வேண்டும். ஆழமான பள்ளத்தை மட்டும் வைத்துப் போட்டால் வீட்டுக்காரர்களுக்கு வீண் செலவு. மூட்டையில் தயாரித்த தேதியைப் பார். ஓரத்தைக் கையால் அமுக்கும்போது கட்டி தட்டுப்பட்டால் அந்த மூட்டை வேண்டாம்.

6. வாட்டம் வேண்டிய இடத்தில் இதை ஊற்றாதே.

குளியலறை, துணி துவைக்கும் இடம், பால்கனி, மொட்டை மாடி ஆகிய எங்கும் தண்ணீர் ஓடி வெளியேற வேண்டும். பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது வாட்டம் வேண்டும். இந்தக் கலவை வாட்டத்தை அழித்துவிடும். அங்கெல்லாம் பழைய மணல்-சிமெண்ட் கலவையும் மணியாசுக் கட்டையும்தான். அதேபோல ஓரங்குலத்துக்கு மேல் ஆழமான பள்ளமிருந்தால் முதலில் அதை மணல்-சிமெண்டால் தூக்கி, ஆறவிட்டு, மேல் கனத்துக்கு மட்டும் இதைப் பயன்படுத்து. மெல்லிய கனத்துக்குச் செய்த சரக்கைத் தடிமனாக ஊற்றினால் சூடேறி, சுருங்கி வெடிக்கும்.

7. பழைய தரையின் வகை தெரியாமல் வேலை தொடங்காதே.

நம் தலைக்கு மேலே நிற்கிற முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்துக் கட்டியது. 1895-இல் முடித்தார்கள். சுண்ணாம்பைக் குறைத்துப் பேசுகிறவர்களுக்கு அந்த ஒரு சாட்சி போதும். ஆனால் வீட்டுச் சுண்ணாம்புத் தரையின் கதை வேறு. சுண்ணாம்பு மிருதுவானது, பாரத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. சிமெண்டில் செய்த இந்தக் கலவை இறுகும்போது சுருங்கி, அடியில் இருப்பதைப் பிடித்து இழுக்கும். அடித்தளம் பலவீனமாக இருந்தால் அதன் மேல்தோலையும் உரித்துக்கொண்டு எழும்பும். ஆணியால் அழுத்திக் கீறு. பொடிப்பொடியாக உதிர்ந்தால் அது ஊற்றுவதற்கு உகந்த தரை இல்லை. அப்படிப்பட்ட வீட்டில் பழையபடி கனமான கலவையில் டைல்ஸ் பதிப்பதே நல்லது. தரை இன்னும் அழகாக இருந்தால் அதை மெருகேற்றி வைத்துக்கொள்ளச் சொல்லலாம் என்பது என் அபிப்பிராயம்.

சிவப்பு ஆக்சைடிலும் மொசைக்கிலும் சிக்கல் வேறு. வருடக்கணக்கில் தேங்காயெண்ணெயும் மெழுகும் தேய்த்துப் பளபளப்பாக்கியிருப்பார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார். முத்தாக உருண்டு நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. அரைக்கும் கப் வீல் போட்டு, பளபளப்பு போய் மேற்பரப்பு சொரசொரப்பாகும் வரை அரைக்க வேண்டும். அதன்பின் மறுபடி சொட்டு விடு. தண்ணீர் பரவிப் படிந்தால் சரி.

புதுக் கான்கிரீட்டுக்கும் ஒரு பரிசோதனை உண்டு. தண்ணீர் அதிகம் விட்டுப் போட்ட கான்கிரீட்டின்மேல் சிமெண்ட் பால் மிதந்து ஏடாகக் காய்ந்திருக்கும். விரலால் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டும். அதையும் அரைத்து எடு. ஆசிட் ஊற்றிக் கழுவுகிற பழக்கத்தை இங்கே கொண்டுவராதே. அது தரைக்குள் தங்கி, ஒட்டுவதைக் கெடுக்கும்.

8. ஓதம் இருக்கிறதா என்று வயலில் தண்ணீர் நிற்கும் காலத்தில் பார்.

நம் பள்ளத்தாக்குக்கே உரிய விஷயம் இது. வெளியூர்ப் புத்தகங்களில் கிடைக்காது. இங்கே 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம். அணையில் இருப்பு இருந்தால் ஜூன் முதல் தேதி தண்ணீர் திறப்பார்கள். வாய்க்கால் ஓடி, வயல் நிரம்பி, ஓரத்து வீடுகளின் அடிமண்ணும் ஊறும். உத்தமபாளையத்திலும் சின்னமனூரிலும் வாய்க்காலை ஒட்டிய வீட்டுத் தரை சித்திரையில் எலும்பாகக் காய்ந்து கிடக்கும். ஆடியில் அதே தரையில் சுவரோரம் உப்புப் பூக்கும். சித்திரையில் மட்டும் பார்த்துவிட்டு ஊற்றினால், ஆடியில் அடியிலிருந்து வரும் ஈரம் பிரைமர் பூச்சைத் தளர்த்தி, கலவையைத் தரையிலிருந்து பிரித்துவிடும்.

பரிசோதனை எளிது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கனமான பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டு. குறைந்தது 16 மணி நேரம் விடு. மாலை ஒட்டி மறுநாள் மதியம் எடுத்தால் கணக்குச் சரி. தாளின் அடியில் நீர்த்துளி கோத்திருந்தாலோ, தரை கறுத்திருந்தாலோ ஈரம் ஏறுகிறது. அறைக்கு ஒரு தாள் போதாது. வாய்க்கால் பக்கச் சுவரோரம் ஒன்று, நடுவில் ஒன்று, குளியலறைச் சுவரை ஒட்டி ஒன்று வை. குளியலறைப் பக்கம் மட்டும் ஈரம் காட்டினால் வயலைக் குறை சொல்லாதே, குழாய் கசிகிறது, பிளம்பரைக் கூப்பிடு. எல்லாப் பக்கமும் காட்டினால் எபாக்சி ஈரத்தடுப்புப் பூச்சு இரண்டு கோட் அடித்து, இரண்டாவது கோட் ஈரமாக இருக்கும்போதே சலித்த காய்ந்த மணலைத் தூவு. மணல் ஒட்டிய அந்தச் சொரசொரப்பைத்தான் கலவை பிடித்துக்கொள்ளும்.

9. ஓட்டைகளை அடை.

இந்தக் கலவை தண்ணீர்போல எந்தச் சந்துக்குள்ளும் இறங்கும். மாடி வீட்டில் குழாய் இறங்கும் துவாரம் திறந்திருந்தால் கீழ்வீட்டுக் கூரையில் ஒழுகும். குழாயைச் சுற்றி, சுவர் மூலையில், மின்குழாய் வாயில் எல்லாம் அடைப்பு வை. கதவு நிலையில் ரீப்பர் கட்டை வைத்து, அடியில் சிலிக்கான் இழுத்து அணை கட்டு. சுவர் நெடுக மெல்லிய ஃபோம் பட்டை ஒட்டு. வெயிலில் தரை விரியும்போது சுவரை முட்டாமல் இருக்க அந்த இடைவெளி வேண்டும். மயிரிழை விரிசலை அடைத்துவிடலாம். கட்டடத்தில் வேண்டுமென்றே விட்ட இணைப்பு இடைவெளி இருந்தால் அதன்மேல் ஊற்றி மூடாதே. டைல்ஸ் வரை அதே இடத்தில் அந்த இடைவெளி தொடர வேண்டும்.

10. தூசியைத் தின்னாதே.

அரைக்கும்போதும் அறுக்கும்போதும் கிளம்பும் வெள்ளைத் தூசியில் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பொடிதான் நுரையீரலுக்குள் போய் உட்காரும். சிலிகோசிஸ் வந்தால் திரும்பிப் போகாது, அதைக் குணமாக்கும் மருந்து கிடையாது. துண்டைக் கட்டிக்கொண்டால் போதும் என்று நினைக்கிறீர்கள், அது கண்ணுக்குத் தெரியும் தூசியைத்தான் நிறுத்தும். என்-95 முகமூடியாவது போடுங்கள். டைல்ஸ் அறுக்கும்போது பிளேடில் தண்ணீர் விழட்டும். அரைக்கும் மெஷினுக்கு வாக்குவம் இணையுங்கள். பெருக்கி அள்ள வரும் சித்தாள் பெண்களுக்கும் அதே முகமூடி கொடு. மெஷின் பிடிப்பவனைவிட அவர்கள் அந்தத் தூசியில் அதிக நேரம் நிற்கிறார்கள், அவர்களுக்கு யாரும் நினைத்து வாங்கித் தருவதில்லை.

சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். 1994-இல் தொடங்கிய கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. 18 வயது ஆனதும் பதிவு செய், மறக்காமல் புதுப்பி. விபத்து உதவியும் பிள்ளைகள் படிப்பு உதவியும் அறுபதுக்குப் பின் ஓய்வூதியமும் பதிவு செய்தவர்களுக்குத்தான்.

11. பிரைமர் இரண்டு முறை.

காய்ந்த தரை கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும். தரைக்குள் இருக்கும் காற்று மேலே வந்து குமிழாக வெடித்து, ஊசிக்குத்துப் போன்ற துளைகளை விடும். பிரைமர் அந்த இரண்டையும் தடுக்கும். தூசியை முழுக்க வாக்குவத்தில் எடுத்தபின், மூட்டைக்காரர் சொன்ன அளவில் தண்ணீர் கலந்து, பிரஷ்ஷால் தேய்த்து அடி. ஒரே இடத்தில் தேங்க விடாதே. உறிஞ்சும் தரைக்கு முதல் கோட் காய்ந்தபின் இரண்டாவது. பழைய டைல்ஸுக்கும் மெருகு போட்ட மொசைக்குக்கும் சாதாரண பிரைமர் ஆகாது, வழவழப்பான தரைக்கென்று மணல் கலந்த பிரைமர் தனியாக வருகிறது. கடையில் தரையின் வகையைச் சொல்லிக் கேள்.

12. காற்றைப் பார்த்து நாள் குறி.

வைகாசிக் கடைசியில் தொடங்கிப் புரட்டாசி வரை மேற்கே மலை இடைவெளியில் புகுந்து வரும் காற்று எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளை நட்டு வைத்திருப்பதே அதற்காகத்தான். அந்தக் காற்று கண்ணாடி மாட்டாத ஜன்னல் வழியாக ஊற்றிய தரைமேல் போனால் மேற்பரப்பு மட்டும் காய்ந்து தோல் கட்டும். அடியில் இன்னும் ஈரம். தோல் சுருங்கி, நகக்கீறல்போல வலைவலையாக வெடிக்கும். ஆகவே ஜன்னல், கதவு, மாடிப்படி வாய் எல்லாவற்றையும் தார்ப்பாயால் மூடு. தார்ப்பாயின் அடிவிளிம்பைப் பலகை வைத்து அழுத்து, அங்கேதான் காற்று நுழையும். மின்விசிறி போடாதே. வெயில் நேராக விழும் ஜன்னலுக்கும் மறைப்புக் கட்டு.

பங்குனி, சித்திரை, வைகாசி வெயிலில் மூட்டையைத் தகரக் கூரைக்கு அடியில் அடுக்காதே. சூடேறிய தூளும் மொட்டை மாடித் தொட்டியின் வெந்நீரும் சேர்ந்தால் வாளியிலேயே இறுகத் தொடங்கும். முந்தின இரவே நிழலில் பிடித்து வைத்த தண்ணீரால், விடிந்ததும் ஊற்று. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காய அதிக நாள் ஆகும். தீபாவளிக்குள் முடியுங்கள் என்று அவசரப்படுத்துவார்கள். முடியும் நாளைச் சொல், முடியாத நாளை ஒப்புக்கொள்ளாதே.

13. மின்தடை அறிவிப்பைப் பார்.

மாதாந்திரப் பராமரிப்புக்காக எந்தப் பகுதியில் எந்த நாள் மின்சாரம் நிறுத்துகிறார்கள் என்று பத்திரிகையில் வரும். அந்த நாளில் ஊற்றக் கூடாது. பாதி அறை ஊற்றிய நிலையில் கலக்கும் மெஷின் நின்றால் மீதி அறையை ஒன்றும் செய்ய முடியாது. கையால் கலக்கினால் கட்டி நிற்கும்.

14. தண்ணீரை அளந்து ஊற்று.

25 கிலோ மூட்டைக்குச் சரக்கைப் பொறுத்து ஐந்து லிட்டர் அளவில் தண்ணீர் கேட்கும். மூட்டையில் அச்சிட்டதுதான் சட்டம். வாளியில் பெயிண்டால் கோடு போட்டு வை, ஒவ்வொரு மூட்டைக்கும் அதே கோடு. கொஞ்சம் தண்ணீர் கூடினால் நன்றாக ஓடுகிறதே என்று தோன்றும். ஆனால் மணல் அடியில் தங்கி, சிமெண்டும் பாலிமரும் மேலே மிதந்து, காய்ந்தபின் மேற்பரப்பு சாக்பீஸ்போலப் பொடியும். அதன்மேல் ஒட்டிய டைல்ஸ் அந்தப் பொடியோடு எழுந்து வரும். குடிக்கத் தகுந்த தண்ணீரையே பயன்படுத்து, உப்பேறிய போர் தண்ணீர் வேண்டாம்.

தண்ணீரை முதலில் வாளியில் ஊற்றி, தூளைப் பிறகு கொட்டு. மெதுவான வேகத்தில் இரண்டு மூன்று நிமிடம் கலக்கு. வேகம் கூடினால் காற்று புகும். ஒரு நிமிடம் விட்டு மறுபடி சற்றுக் கலக்கு. கட்டியில்லாமல், ரவா தோசைக் கரைசல்போல ஓட வேண்டும்.

15. ஆளுக்கு ஒரு வேலை.

ஒருவர் தண்ணீர் அளக்க, ஒருவர் கலக்க, ஒருவர் ஊற்ற, ஒருவர் ரேக்கும் முள் உருளையும் பிடிக்க. நான்கு பேருக்குக் குறைந்து பெரிய அறையைத் தொடாதே. கலந்தபின் கையில் இருப்பது பதினைந்து, இருபது நிமிடம். வெயில் நாளில் அதுவும் குறையும். யார் எங்கே நிற்பது, வாளி எந்த வழியில் வரும், எந்த வாசலில் முடிப்பது என்று வெறும் வாளியோடு ஒருமுறை நடந்து பாருங்கள்.

வாசலுக்கு எதிர்க்கோடியிலிருந்து தொடங்கு. நீ எழுதிய எண்களில் ஆழமான இடத்துக்கு முதலில் போகட்டும். பட்டை பட்டையாக ஊற்று. முதல் பட்டையின் விளிம்பு ஈரமாக இருக்கும்போதே அடுத்த வாளி அதோடு சேர வேண்டும். விளிம்பு இறுகியபின் சேர்த்தால் அங்கே வரப்பு நிற்கும். ரேக்கால் கனத்தைப் பரப்பி, முள் உருளையை ஒருமுறை ஓட்டு. குமிழ்கள் உடைந்து, இரண்டு வாளிக்கு நடுவிலுள்ள கோடு மறையும். முள் செருப்புப் போட்டுத்தான் உள்ளே நடக்க வேண்டும். இறுகத் தொடங்கியபின் ஒரு குறை கண்ணில் பட்டால் கரணையோடு ஓடாதே. காய்ந்தபின் அரைத்துக்கொள்ளலாம். ஈரத்தில் தொட்டது தழும்பாக நிற்கும்.

16. தண்ணீர் விட்டு ஆற்றாதே.

நம்மூர்க் கொத்து வேலைப் பழக்கத்துக்கு இது நேர்மாறு. மறுநாள் காலை யாராவது பாசத்தோடு ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து தரையில் ஊற்றிவிடுவார்கள். காவலுக்கு இருப்பவரிடமும் வீட்டுப் பெரியவர்களிடமும் முதல் நாளே சொல்லி வை. சில மணி நேரத்தில் நடக்கலாம். டைல்ஸ் எப்போது ஒட்டலாம் என்பது மூட்டையில் இருக்கும், பெரும்பாலும் ஒரு நாள். கனம் கூடினாலும் ஈர நாளானாலும் மேலும் விடு. பிறகு அதே பத்தடிக் கோல், அதே டார்ச், அதே ஸ்பேசர். ஊற்றியதால் மட்டுமே சீராகிவிட்டது என்று எண்ணாமல் மறுபடி அளந்து, மேடு இருந்தால் அரைத்துவிடு.

17. இவ்வளவு செய்தபின் ஐந்து உருண்டை வைத்து டைல்ஸை ஒட்டாதே.

நான்கு மூலையிலும் நடுவிலும் கம்மை உருண்டை வைத்து அமுக்கினால் நடுவில் வெற்றிடம் நிற்கும், சீராக்கிய உழைப்பு வீண். பல் கரணையால் ஒரே திசையில் கோடு இழுத்து, டைல்ஸின் முதுகிலும் மெல்லிய பூச்சுக் கொடுத்து ஒட்டு. முதல் இரண்டு டைல்ஸைப் பெயர்த்து முதுகைப் பார். முழுக்கக் கம் பிடித்திருக்க வேண்டும். விட்ரிஃபைட் தண்ணீரை உறிஞ்சாது, வெறும் சிமெண்ட் பால் அதைப் பிடிக்காது. ஐ.எஸ். 15477 முத்திரையுள்ள கம்மில் ஐந்து வகை உண்டு. பெரிய டைல்ஸுக்கு முதல் வகை போதாது.

18. லெவலிங்கைத் தனி வரியாக எழுதிக் கூலி கேள்.

டைல்ஸ் சதுரடிக் கூலிக்குள் இதை அடக்கிவிட்டால் நீயும் அவசரப்படுவாய், அவர்களும் இதன் மதிப்பை அறிய மாட்டார்கள். செலவு எதற்கு என்று வீட்டுக்காரம்மா கேட்டால் வாதாடாதே. கோலைத் தரையில் வைத்து, டார்ச்சைப் பின்னால் பிடித்து, குனிந்து பார்க்கச் சொல். வெளிச்சம் கசிவதைத் தன் கண்ணால் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். கையில் பணமில்லை என்றால் அதுவும் நியாயம்தான். ரெண்டுக்கு ரெண்டோ அதைவிடச் சிறியதோ எடுத்து, மணல் கலவையில் பதிக்க வழி சொல்லிக் கொடு.

19. மீந்ததைச் சாக்கடையில் ஊற்றாதே.

வாளி கழுவிய தண்ணீரைக்கூட வாய்க்காலில் விடாதே. குழாய்க்குள் இறுகினால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். பழைய சாக்கின்மேல் கொட்டி, இறுகியபின் குப்பையோடு அள்ளு.

20. குறித்து வை.

டைல்ஸ் மூடுவதற்கு முன் தரையைப் படம் எடு: எண்கள், விரிசல்கள், குழாய் போகும் தடம் எல்லாம் தெரியும்படி. நோட்டில் ஊற்றிய தேதி, மூட்டையின் தயாரிப்பு எண், கனம், பாலித்தீன் தாள் காட்டிய முடிவு, அன்று காற்று எப்படி இருந்தது என்பதை எழுது. ஒரு பிரதி வீட்டுக்காரர்களிடம் கொடு. முதல் ஆடி கழிந்ததும் அந்தப் பக்கம் போகும்போது அவர்களிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போய், வாய்க்கால் பக்கச் சுவரோரத்து டைல்ஸை வரிசையாகத் தட்டிப் பார்த்துவிட்டு வா.